மதுரைக்கால்: ஒரு பெயருக்குள் இரு நோய்கள்

ஆய்வுச்சுருக்கம்

மதுரையின் பெயரால் உலக மருத்துவ நூல்களில் வழங்கும் தோல்நோய் ஒன்று உண்டு. பாதத்தில் வலியற்ற வீக்கமாகத் தொடங்கிப் புரையோடி எலும்புவரை செல்லும் அந்நோயைப் பாக்டீரியாவும் உண்டாக்கும், பூஞ்சையும் உண்டாக்கும். இரண்டிற்கும் மருந்து வேறு. ஆயினும் நோயின் அறிவியற்பெயரும் ஊர்ப்பெயரும் அதனைப் பூஞ்சைநோயாகவே காட்டுகின்றன. இப்பெயர்கள் உருவான வரலாற்றையும், நோயின் இயல்பு, கண்டறிமுறை, மருத்துவம், தடுப்பு ஆகியவற்றையும் விளக்கி, தமிழில் அதற்குப் பொருந்தும் கலைச்சொல் எதுவெனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: மதுரைக்கால், மைசெட்டோமா, ஆக்டினோமதுரா, புரை, குருணை, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

ஊர்ப்பெயரை நோயாகப் படிப்பது தமிழுலகிற்குப் புதிதன்று. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாரின் பெயரிலுள்ள ‘சீத்தலை’ என்பதைச் சீழ் வடியும் தலை எனப் பிரித்துப் பொருள்கொண்டனர். பிழைபட்ட பாடலைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தம் தலையிற் குத்திக்கொண்டமையால் அவர் தலை புண்ணாயிற்று என்ற கதையும் அதனோடு எழுந்தது. திருவள்ளுவமாலையில் மருத்துவன் தாமோதரனார் பெயரில் உள்ள வெண்பா, அத்தலைக்குத்தும் வள்ளுவர் முப்பாலால் தீர்ந்ததாகக் கூறும். சீத்தலை என்பது ஊர்ப்பெயர் எனக் கொள்வதே இன்றைய ஆய்வாளரின் பெருவழக்கு. அங்கே ஊர் நோயாயிற்று. இதன் மறுதலையாக, மதுரையில் நோய் ஊராயிற்று. முன்னதனால் எவருக்கும் தீங்கில்லை. பின்னதன் பெயர்க்குழப்பத்தில் ஒருவருடைய பாதம் இருக்கிறது.

அந்நோயை ஆங்கில மருத்துவ நூல்கள் ‘மதுரா ஃபுட்’ என்கின்றன. ஆனைக்கால் என்ற பழந்தொடரின் போக்கில் இக்கட்டுரை அதனை மதுரைக்கால் எனக் குறிக்கிறது. ‘மதுரா’ என்பது ஆங்கில ஆட்சிக்கால எழுத்துமுறை. வடநாட்டு மதுராவோடும் சாவகத்தை அடுத்த மதுரா தீவோடும் அதற்குத் தொடர்பில்லை. 

பெயர் பிறந்த வரலாறு

1842ஆம் ஆண்டு ஜான் கில் என்ற ஆங்கில மருத்துவர் மதுரைப் பகுதியில் தாம் கண்ட இப்பாதநோயைப் பதிவு செய்தார். 1846இல் பெல்லாரியிலிருந்து காட்ஃப்ரே என்பார் இத்தகைய நோயாளர் சிலரை ‘லான்செட்’ இதழில் விவரித்தார். அதே ஆண்டில் கோல்புரூக் என்பார் ‘மதுரா ஃபுட்’ என்ற தொடரைக் கையாண்டார். ஆகவே மதுரை இந்நோயின் பிறப்பிடமன்று. நோய் முதலில் எழுத்தில் ஏறிய இடம் என்பதே சரி. மெக்சிகோவிலும் சூடானிலும் இது மதுரையைக் காட்டிலும் பெருஞ்சுமையாக உள்ளது. நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே 15 பாகையிலிருந்து வடக்கே 30 பாகை வரையுள்ள வறள்நிலங்களையே இந்நோயின் முதன்மைப் பரப்பாகக் கொள்வர்.

ஐரோப்பியர் பதிவுக்கு முந்தைய செய்திகளை ஆராயுமிடத்து எச்சரிக்கை வேண்டும். அதர்வவேதத்தில் ‘பாதவன்மீகம்’ எனக் கூறப்பட்டுள்ளதாக மருத்துவக் கட்டுரைகள் இடஞ்சுட்டாமல் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வருகின்றன. இதனினும் உறுதியான சான்று சுசுருத சங்கிதையின் நிதானப் பகுதியில் உள்ளது. உள்ளங்கால், உள்ளங்கை, மூட்டு, கழுத்து முதலிய இடங்களில் புற்றுப்போல் எழுந்து பல வாய்களால் ஒழுகும் ‘வன்மீகம்’ அங்கே சிறுநோய்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் இந்நோயை ‘எறும்புக்கால்’ எனப் பொருள்படும் தொடரால் சுட்டியதாக மருத்துவ வரலாற்றாசிரியர் கூறுவர். எறும்பும் கறையானும் குடியிருக்கும் புற்றின் தோற்றமே வடமொழியாரையும் பிரெஞ்சுக்காரரையும் ஒரே உவமைக்கு இட்டுச்சென்றது போலும். ‘புற்று’ என்ற தமிழ்ச்சொல்லே இதற்கு மிகப் பொருத்தமானது. எனினும் இன்று அச்சொல்லைக் கேன்சர் முழுமையாகக் கைப்பற்றிக்கொண்டது. பாதத்திற் புற்று என்று ஒரு நோயாளியிடம் சொன்னால் அவர் வேறொன்றை எண்ணி அஞ்சுவார். ஆதலால் அச்சொல்லை மீட்பதற்கு இனி வழியில்லை.

ஜெர்மானிய மருத்துவர் எங்கல்பர்ட் கெம்ப்ஃபர் 1694இல் லைடனில் அளித்த ஆய்வேட்டில் மலபார்க் கரையின் ‘பெரிகால்’ என்ற நோயைக் குறிப்பிடுகிறார். இது பெருங்கால் அல்லது பெருக்கால் என்பதன் திரிபாதல் வேண்டும். அவர் கண்டது ஆனைக்காலா, புரையோடிய மதுரைக்காலா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. காலின் பருமையை மட்டும் கொண்டு பெயரிட்டால் இரு நோய்களும் ஒன்றாகிவிடும் என்பதற்கு அது சான்று. ஆனைக்கால் நிணநீர் நாளங்களில் தங்கும் புழுவால், கொசுவழி வருவது. மதுரைக்கால் மண்ணிலிருந்து காயத்தின்வழி நுழைவது.

பூஞ்சை என்ற முத்திரை

நோயின் காரணத்தை முதலில் நுணுகி ஆராய்ந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். ‘கிரேயின் உடற்கூற்றியல்’ என இன்றும் வழங்கும் நூலின் 1858ஆம் ஆண்டு முதற்பதிப்பிற்குப் படங்கள் வரைந்தவர் இவரே. பின்னர் பம்பாய்க்கு வந்து, வெட்டியெடுத்த பாதங்களை ஆராய்ந்து, அவற்றினுள் பூஞ்சையிழைகளைக் கண்டு, 1860இல் ‘மைசெட்டோமா’ என்ற பெயரை இட்டார். கிரேக்கத்தில் ‘மைகெஸ்’ என்பது காளான். ‘ஓமா’ என்பது கட்டி. 1874இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பும் இதனை இந்தியாவின் பூஞ்சைநோய் என்றே சுட்டியது.

கார்ட்டர் கரிய குருணை உள்ள வகையையும் வெளிறிய குருணை உள்ள வகையையும் வேறுபடுத்திக் கண்டவர்தாம். ஆனால் இரண்டும் ஒரே பூஞ்சையின் வேறுபாடுகள் அல்ல என்பது பின்னரே தெளிவாயிற்று. அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் வின்சென்ட் 1894இல் வெளிறிய வகையிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்து ‘ஸ்ட்ரெப்டோத்ரிக்ஸ் மதுரே’ எனப் பெயரிட்டார். அது பாக்டீரியா. இழையிழையாகக் கிளைத்து வளர்வதால் பூஞ்சைபோல் தோன்றுவது. அதனை இன்று ‘ஆக்டினோமதுரா மதுரே’ என்பர். பேரினப்பெயரிலும் சிற்றினப்பெயரிலுமாக மதுரை ஈரிடத்தும் நிற்கும் பெயர் அது. கரிய குருணையை உண்டாக்கும் பூஞ்சைக்கோ 1905இல் புரும்ப்ட் ‘மதுரெல்லா’ எனப் பேரினப்பெயர் அளித்தார். ஆக, உயிருலகின் இருவேறு பெரும்பிரிவுகளில் ஒரே ஊரின் பெயர் பதிந்தது. மனிதனும் காளானும் தம்முள் நெருங்கியவை, பாக்டீரியாவோ இரண்டிற்கும் தொலைவானது என்பது உயிரியலார் துணிபு. அத்தனை தொலைவிலுள்ள இரண்டு உயிர்களை ஒரு பெயர் பிணைத்து வைத்திருக்கிறது.

பினாய் என்பார் 1913இல் இருவகையையும் முறையாகப் பிரித்தார். பாக்டீரியாவால் வருவது ஆக்டினோமைசெட்டோமா. பூஞ்சையால் வருவது யூமைசெட்டோமா. இப்பெயர்களைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் முன்னது ‘கதிர்ப்பூஞ்சைக் கட்டி’, பின்னது ‘மெய்ப்பூஞ்சைக் கட்டி’ என்றாகும். முதற்பெயரில் பூஞ்சை இருக்கிறது, நோயில் இல்லை. இது தனி நிகழ்வன்று. பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் எல்லை தெளிவாகாத பத்தொன்பதாம் நூற்றாண்டின் சொற்கள் பலவற்றில் இவ்விடர் உண்டு. சாதாரணக் கட்டிகளை உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவே சிலருக்குக் குருணைகளோடு கூடிய நாட்பட்ட புண்ணை உண்டாக்கும். அதன் பெயர் ‘போட்ரியோமைகோசிஸ்’. அங்கும் ‘மைகோ’ வந்து நிற்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் தந்த ஸ்ட்ரெப்டோமைசிஸும் பெயரளவில்தான் பூஞ்சை.

உலக நலவாழ்வு அமைப்பின் நோய் வகைப்பாட்டுப் பத்தாம் பதிப்பில் இதன் விளைவைக் காணலாம். பி 47.0 என்ற எண்ணின்கீழ்ப் பூஞ்சை வகையும், அதற்குரிய மாற்றுப்பெயராகப் ‘பூஞ்சையால் வந்த மதுரா ஃபுட்’ என்பதும் உள்ளன. பி 47.1 பாக்டீரியா வகை. பி 47.9 வகை குறிக்கப்படாதது. அங்கும் மதுரா ஃபுட் உண்டு. இடையிலுள்ள பாக்டீரியா வகையின்கீழ் மட்டும் மதுரையின் பெயர் இல்லை. மதுரை உள்ளிட்ட தென்னகத்தில் பாக்டீரியா வகையே மிகுதி எனவும் இராசத்தான் முதலிய வறண்ட வடபுலத்தில் பூஞ்சை வகை மிகுதி எனவும் இந்தியத் தோல்நோயியலார் பொதுவாகக் கூறுவதை நோக்க, இது வியப்பளிக்கிறது.

நோயின் போக்கு

பாக்டீரியாத் தோல்நோய் என்றதும் நாம் எண்ணுவது வேனற்கட்டி, சிரங்கு, பிளவை போன்றவற்றை. அவை சில நாட்களில் சிவந்து, சூடேறி, வலித்து, பழுத்து உடையும். வலி தாங்காமல் நோயாளி மருத்துவரைத் தேடிச் செல்வார். மதுரைக்கால் இதற்கு நேர்மாறானது. முள்ளோ சிராயோ குத்திய இடத்தில் மாதங்கள், சிலபோது ஆண்டுகள் கழித்துத் தோலுக்கடியில் ஒரு தடிப்புத் தோன்றும். வலி இராது. நடக்கலாம், உழலாம், நடவு நடலாம். தடிப்பு மெல்லப் பெருத்துப் பல வாய்களாகத் திறந்து நீரும் சீழும் ஒழுகும். ஒரு வாய் மூட மற்றொன்று திறக்கும். வலி தொடங்கும்போது பெரும்பாலும் எலும்பு தாக்கப்பட்டிருக்கும், அல்லது வேறு கிருமிகள் புண்ணில் சேர்ந்திருக்கும். வலியின்மையே இந்நோயின் கொடுமை எனலாம்.

இதனைக் குறிக்கத் தமிழில் அருமையான சொல் ஒன்று உண்டு: புரையோடுதல். புரை என்பது உட்டுளை. திருக்குறளில் குற்றம் என்னும் பொருளிலும் அச்சொல் பயில்கிறது. இன்று நாளிதழ்கள் ‘புரையோடிய ஊழல்’ என்றே அதனை மிகுதியும் ஆள்கின்றன. வெளியே சிறுவாய், உள்ளே நெடுவழி என்ற அதன் மருத்துவப் பொருள் உருவகத்துள் மறைந்துவிட்டது. மருத்துவக் கலைச்சொல்லாகப் ‘புரைவழி’ என்பதை மீட்டெடுப்பது எளிது. இத்தேவைக்குப் புதுச்சொல் படைக்க வேண்டியதில்லை.

ஒழுகும் நீரில் வரும் சிறு மணிகளே நோயின் கையொப்பம். கிருமியின் இழைகள் செறிந்து திரண்ட கூட்டங்கள் அவை. மருத்துவ நூல்கள் ‘தானியம்’ என்ற பொருள்படும் சொல்லால் இவற்றைக் குறிக்கின்றன. நெல் அரைக்கும்போது உடைந்துவரும் குருணையை அறிந்தவர்க்கு விளக்கம் தேவையில்லை. வலியற்ற வீக்கம், புரைவழிகள், குருணை என்ற மூன்றும் ஒருங்கிருப்பின் நோய் மதுரைக்கால்; குருணையின் இயல்பே அது எவ்வகை என்பதைத் தெரிவிக்கும்.

குருணையின் நிறமும் இழையின் பருமனும்

கரிய குருணை எப்போதும் பூஞ்சையைக் காட்டும். சிவந்த குருணை ஆக்டினோமதுரா பெல்லெட்டீரி என்ற பாக்டீரியாவினுடையது. இவ்விரண்டிலும் ஐயமில்லை. வெள்ளையும் மஞ்சளுமான குருணைகளிடத்துத்தான் இடர். ஆக்டினோமதுரா மதுரே, நொகார்டியா, ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆகிய பாக்டீரியாக்கள் பெரும்பாலும் இந்நிறத்தன. ஆயின் வெள்ளைக் குருணை தரும் பூஞ்சைகளும் உண்டு. ஆதலின் கண்ணால் காண்பது போதாது.

புரைவழியின்மேல் தூய துணிப்பட்டையை இரவு முழுதும் வைத்துக் கட்டினால் காலையில் குருணைகள் அதில் ஒட்டியிருக்கும். அல்லது பக்கவாட்டில் அழுத்தி எடுக்கலாம். கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்ணோக்கியில் காண்பர். கிராம் சாயமும் இடுவர். பாக்டீரியாவின் இழை ஒரு மைக்ரானுக்கும் குறைவான பருமனுடையது; பூஞ்சையின் இழை ஏறத்தாழ 2 முதல் 5 மைக்ரான். ஒரு பாதத்தின் எதிர்காலம் இந்தச் சிறு அளவு வேறுபாட்டில் தங்கியிருக்கிறது. கருவிகள் எளியவை, செலவும் குறைவு. நொகார்டியாவாயின் மென்மையான அமிலத்தடைச் சாயத்தை ஏற்கும். குருணை கிட்டாதபோது ஆழத்திலிருந்து தசைத்துண்டு எடுத்து ஆராய வேண்டும். மேல்தோலைத் துடைத்து எடுத்த சீழில் ஒட்டுக்கிருமிகளே வளரும். அதனை நம்பி மருந்து தொடங்குவது பிழை. வளர்ப்பூடகத்தில் கிருமி வளர வாரங்கள் ஆகும். எலும்பின் நிலையை எக்ஸ்ரே காட்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் வட்டத்துள் புள்ளியாகக் குருணை தெரிவதுண்டு.

மருந்தால் மீளும் பாதம்

இவ்வகைப்பாடு அறிவியல் ஆர்வத்திற்காக மட்டும் வேண்டப்படுவதன்று. பூஞ்சை வகைக்கு இட்ராகோனசோல் போன்ற மருந்தை ஓராண்டோ அதற்கு மேலோ உட்கொண்டு, அறுவையும் செய்து, அதன் பின்னும் நோய் மீள்வதுண்டு. பாதத்தையே நீக்க நேர்வதும் உண்டு. பாக்டீரியா வகை ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படுவது. உரிய காலத்தில் தொடங்கி உரிய காலம் தொடர்ந்தால் பத்தில் ஒன்பது பேர் குணமடைவர் என மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. பெரிய அறுவை அரிதாகவே வேண்டும். பாக்டீரியா வகைக்குப் பூஞ்சை மருந்தை மாதக்கணக்கில் கொடுப்பதும், மருந்தால் மீளக்கூடிய பாதத்தை வெட்டுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

மெக்சிகோ நாட்டு மருத்துவர் ஒலிவெரியோ வெல்ஷ் 1980களில் வகுத்த முறையில், அமிகாசின் ஊசியை உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அளவில் மூன்று வாரமும், கோட்ரைமாக்சசோல் மாத்திரையை ஐந்து வாரமும் தருவது ஒரு சுற்று. தேவைக்கேற்பச் சுற்றுகள் தொடரும். அமிகாசின் செவியையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியதாதலால் சுற்றுகளின் இடையே இரண்டையும் சோதிக்க வேண்டும். புதுதில்லி எய்ம்ஸ் தோல்நோய்த் துறையினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இருபடி முறையில், முதற்படியில் பென்சிலின், ஜென்டாமைசின், கோட்ரைமாக்சசோல் மூன்றையும் செறிவாகக் கொடுத்துப் பின்னர் மாத்திரைகளால் தொடர்வர். பின்னாளில் அதனை மேலும் எளிமையாக்கினர். புண் ஆறியபின்னும் சில மாதங்கள் மருந்தைத் தொடர்வது எம்முறையிலும் கட்டாயம். வாய்கள் மூடியதும் மாத்திரையை நிறுத்துவோரிடமே நோய் மீள்கிறது.

இங்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. அமிகாசின், கனமைசினிலிருந்து வடித்தது. கனமைசின் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்து மண்பாக்டீரியா ஒன்று சுரப்பது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்தின் மற்றொரு வகையோ மதுரைக்காலை உண்டாக்குவோருள் ஒன்று. நோயும் மருந்தும் மண்ணில் ஒரே குடும்பத்தில் பிறந்தவை.

சமயநல்லூர் நிலப்பரப்பும் தடுப்பும்

மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையில் உள்ள சமயநல்லூரையும் அதனை ஒட்டிய தேனூர், பரவை ஆகிய ஊர்களையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒருபால் வைகைப் பாசனத்து நஞ்சை. மறுபால் கருவேலும் சீமைக்கருவேலும் மண்டிய தரிசு. சேற்றில் செருப்பு நில்லாது; தரிசில் முள்ளுக்குக் குறைவில்லை. விறகுக்கும் வேலிக்கும் முள் வெட்டுவோர், ஆடு மேய்ப்போர், வரப்பில் நடப்போர் ஆகியோரின் பாதமே கிருமிக்கு வாயில். இருபது முதல் நாற்பது வயதுவரையுள்ள உழைக்கும் ஆண்களிடத்தே நோய் மிகுதி என்பது உலகெங்கும் ஒத்த செய்தி. அடுத்துள்ள சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர்பெற்றது. கொடிக்காலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டே நுழையும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. செருப்பணியுங்கள் என்ற ஒற்றை அறிவுரையோடு தடுப்பை முடித்துக்கொள்வது இத்தகைய இடங்களில் பயன்தராது.

வேலை முடிந்ததும் கால்களைச் சோப்பிட்டுக் கழுவிப் பாதத்தைத் தடவிப் பார்ப்பது, தைத்த முள்ளை ஒடித்து விடாமல் முழுமையாக எடுத்துக் காயத்தைத் தூய்மை செய்வது, தரிசு நிலத்திலேனும் தடித்த அடியுடைய காலணி அணிவது ஆகியவை இயலக்கூடியவை. இவற்றினும் முதன்மையானது, முள் குத்திய இடத்தில் வலியற்ற தடிப்பு ஒரு மாதத்திற்குமேல் நின்றால் அதனை ஆணியென்று விடாமல் மருத்துவரிடம் காட்டுவது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே குருணையைச் சேகரித்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடத்திற்கு அனுப்பினால் வகையை அறியலாம். குருணை வருகிறதா என்ற கேள்வியை மருத்துவர் கேட்கவும் நோயாளி விளங்கிக்கொள்ளவும் ஒரே சொல் இருக்க வேண்டும்.

எச்சொல்லை ஆள்வது

2016இல் உலக நலவாழ்வு மன்றம் மைசெட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் சேர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அவ்வமைப்பு, புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயரிடல் ஆகாது என நெறிவகுத்தது. அந்நெறியைப் பின்னோக்கிச் செலுத்தி மதுரையின் பெயரை நீக்க வேண்டும் என்று வாதிடுவோர் உளர். ஊர்ப்பெயரால் மதுரைக்கு இழுக்கு வந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அப்பெயர் இரண்டு நோய்களை ஒன்றாகக் காட்டுவதே இடர். ‘பூஞ்சைக் கட்டி’ என்ற மொழிபெயர்ப்போ அதனினும் தீது. கிரேக்கச் சொல்லில் உறைந்துவிட்ட பழம்பிழையைத் தமிழ் அறிந்தே ஏற்பதாகும் அது.

கண்ணால் காணும் அடையாளத்தைக் கொண்டு ‘குருணைக்கட்டி’ என்பதைப் பொதுப்பெயராகவும், ‘பாக்டீரியாக் குருணைக்கட்டி’, ‘பூஞ்சைக் குருணைக்கட்டி’ என்பனவற்றை வகைப்பெயர்களாகவும் கொள்ளலாம். கை, முதுகு, தலை ஆகிய இடங்களிலும் இந்நோய் வருவதால் ‘கால்’ என முடியும் பெயர் அங்கெல்லாம் பொருந்தாது, குருணைக்கட்டிக்கு அத்தடையில்லை. மதுரைக்கால் என்பதை வரலாற்று வழக்காக நிறுத்திக்கொண்டு, மருத்துவக் குறிப்பேட்டில் எழுதும்போது வகைப்பெயரை விடாது சேர்க்க வேண்டும். வகை தெரியாதபோது ‘வகை அறியப்படவில்லை’ என்று எழுதுவதே முறை. அவ்வாறு எழுதப்பட்ட சீட்டு, அடுத்துக் காணும் மருத்துவரைக் குருணையைத் தேடச் செய்யும்.